வாசிக்காமல் விட்ட இரண்டு வரிகள்

எங்கள் சபையில் யாராவது இறந்துபோனால் ஐயருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் போன் வரும். ஐயர் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் போதகர். அவர் ஜெபிக்க வேண்டும், நான் எழுத வேண்டும். அடக்க ஆராதனையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் எழுந்து நின்று வாசிப்பது பாளையங்கோட்டைப் பக்கம் ரொம்பக் காலத்து வழக்கம். யாருக்குப் பிறந்தார், எங்கே படித்தார், யாரைக் கட்டினார், பிள்ளைகள் எங்கெங்கே வேலையாக இருக்கிறார்கள், எப்படி நோயுற்றார், எப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் ஐயர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நான் சரித்திர டீச்சர். கையெழுத்து நன்றாக இருக்கும். குரல் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை போகும். அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. எழுதி எழுதி எனக்கு ஓர் அச்சு அமைந்துவிட்டது. ஆண் என்றால் உத்தியோகத்தில் ஆரம்பிப்பேன். பெண் என்றால் தகப்பனில் ஆரம்பித்துக் கணவனுக்குப் போய் மகன்களில் முடிப்பேன். அன்பான மனைவி, பாசமுள்ள தாய், ஜெபவீராங்கனை. இந்த மூன்றையும் எத்தனை பெண்களுக்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒருத்தி வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். அவளும் ஜெபவீராங்கனைதான்.

இதே நான் மார்ச் மாதம் வந்தால் வேறு ஆளாகிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் மகளிர் தினம் என் பொறுப்பு. மேடைக்குப் பின்னால் கட்டும் ஃப்ளெக்ஸில் யார் யார் படம் வர வேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன். குதிரை மேல் வாளோடு ஒரு ராணி. தம்புராவோடு ஒரு பாடகி. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கக் கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. ஒரு டாக்டர், ஒரு பிரதம மந்திரி, பிள்ளைகள் அடம்பிடித்ததால் ஒரு நடிகை. ராணியைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசுவேன். கோட்டை விழுந்த கதையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். அந்த ராணி யாருடைய மனைவி என்பதற்கு ஒரு வரிக்கு மேல் நான் செலவழித்ததில்லை. சபைப் பெண்களுக்கு எழுதும்போது மட்டும் அது ஏன் முழுப் பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டது என் அக்கா. அதுவும் தன் குறிப்பைத் தானே வாசித்துவிட்டுக் கேட்டாள்.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். ஆள் ஐ.சி.யூ.வில் இருக்கும்போதே குறிப்பை எழுதி வைத்துவிடுவோம். இறந்த மறுநாளே அடக்கம். அழுகிற வீட்டில் போய்க் கல்யாணம் எந்த வருடம், சின்னவன் எங்கே படித்தான் என்று கேட்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் முன்னாலேயே விசாரித்து எழுதி, கடைசி வரியில் நாளுக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டு வைப்போம்.

அக்காவுக்கு இதயம் பலவீனம். அந்தத் தடவை மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் குறிப்பை எழுதிவைக்கச் சொன்னார். நடையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அழுதுகொண்டேதான் எழுதினேன். ஆனாலும் கை தன் அச்சில்தான் போனது. எட்டு வரி வந்தது. அக்காவுடைய வேதப்புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன். இருமல் மருந்துச் சீட்டுவரை அவள் எல்லாவற்றையும் அதற்குள்தான் வைப்பாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். வார்டுக்கு மாற்றிய அன்று மத்தியானம் வேதப்புத்தகத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு ஃபிளாஸ்க் கழுவப் போனேன். திரும்பி வந்தால் கண்ணாடி மாட்டிக்கொண்டு தாளை வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

“ஏட்டி, இது என் பேருல்லா போட்டிருக்கு?”

ஃபிளாஸ்க்கை மேஜையில் வைத்தேன். “அத்தான்தான் எழுதி வைக்கச் சொன்னாவ,” என்றேன்.

“அவிய சொல்லுவாவ. எண்ணிப் பாத்தேன். எட்டு வரி. அதுல நாலு வரி அவியளப் பத்தி. ரெண்டு வரி பயலுவ வேல. நான் எங்கட்டி?”

“அன்பான மனைவின்னு போட்டிருக்கேன்லா.”

“அத நீ நம்ம அம்மா வீட்டுக்கு எதுத்த வீட்டுக்காரிக்கும் போட்ட. நானும் கோயில்ல உக்காந்து கேட்டுக்கிட்டுதான இருந்தேன்.” சிரித்தாள். சிரித்ததில் மூச்சு முட்டியது. நர்ஸ் வந்து என்னை முறைத்தாள். அவள் போனபிறகு அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “ராணிக்கு முக்கா மணி நேரம். கூடப் பொறந்தவளுக்கு எட்டு வரி. நான் தலைவரா இருந்தேனே, அது எங்க போச்சு?”

அது போகவில்லை. நான்தான் எழுதவில்லை. அந்த ஐந்து வருடத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது சேரன்மகாதேவியைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு ஊர். அந்த ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது அத்தான் அக்காவை நிறுத்தினார். போஸ்டரில் அவர் படம் தட்டு அளவுக்கு, அக்கா படம் தபால்தலை அளவுக்கு. அக்கா ஜெயித்தாள். அத்தான் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தாள்கள் அடுக்களைக்கு வரும். அக்கா மீன் அரிந்த கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். எல்லா ஊரிலும் அப்படித்தானே நடக்கிறது என்று நாங்களும் பேசாமல் இருந்தோம். இரண்டு வருடம் இப்படிப் போனது.

அந்த ஊரில் ஆற்றங்கரையில் கீரைத்தோட்டம் போட்டிருந்த ஒரு அம்மா இருந்தார். குத்தகை நிலம். ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றி வளர்த்த கீரை. காலையில் கூடையோடு அக்கா வீட்டு வாசலுக்கு வருவார். கீரை வாங்கப் போய், பேச்சு வளர்ந்து, இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். “தலைவரம்மா, நீங்க அடுக்களைக்கா தலைவரு?” என்று கேலி செய்தது அந்த அம்மாதான். அக்கா ஒருநாள் சேலை மாற்றிக்கொண்டு நேரே ஊராட்சி ஆபீசுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது உட்கார அவருக்கு இடம் இல்லை. என்னிடம் இதைச் சொல்லும்போது அக்கா சின்னப்பிள்ளை போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் மணல்காரர்கள் வந்தார்கள். ஆற்றங்கரைப் பட்டா நிலத்தில் சவுட்டு மண் அள்ள ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தீர்மானம் வேண்டும், தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். சவுடு, அதாவது பள்ளம் நிரப்பும் மேல்மண், என்பது பேருக்கு. கீழே இருப்பது ஆற்று மணல் என்று ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா மாட்டேன் என்றாள். கீரைத்தோட்டத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை திங்கட்கிழமை பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். வரிசையில் நிற்கும்போது அந்த அம்மா கொண்டுவந்த கூழை இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் குடிப்பார்களாம். மூன்று மாதம் தீர்மானப் புத்தகம் கையெழுத்து இல்லாமல் கிடந்தது. அதன்பிறகு ஒருநாள் அக்கா போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை தோறும் நான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும், அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். புழக்கடையில் கறிவேப்பிலை மரத்துக்குக் கீழே ஒரு நாற்காலி அவளுக்கு, ஒரு முக்காலி எனக்கு. அத்தான் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவார். அவர் அதற்குள் தளர்ந்துபோயிருந்தார், அவளிடம் மல்லுக்கு நிற்கும் காலம் முடிந்துவிட்டது.

அவள் சொன்னதில் பாதி எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். அப்பா போதும் என்று நிறுத்திவிட்டார். எனக்கு டீச்சர் டிரெய்னிங் கிடைத்த வருடம், தான் படுக்கையில் புரண்டு புரண்டு அழுததைச் சொன்னாள். பொறாமை என்றுதான் சொன்னாள், வேறு நல்ல சொல் தேடவில்லை. நான் எழுதிக்கொண்டேன். கூடவே எனக்கு உற்சாகமும் வந்தது. இதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும், இது ராணியின் கதைக்குக் குறைந்ததா என்ன என்று நினைத்தேன். மணல் கதை வந்ததும் என் பேனா பறந்தது. நாற்காலி, கலெக்டர் ஆபீஸ், தூக்குவாளிக் கூழ், மூன்று மாதம்.

“மூன்று மாதம் கையெழுத்துப் போட மறுத்தார்,” என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். “இதோட நிறுத்திருவோம்க்கா. பிரமாதமா இருக்கு.”

“எதுக்கு நிறுத்தணும்? பொறவு போட்டேன்னு எழுது.”

“அதப் போட்டா என்னக்கா இருக்கு? இவ்வளவு சொல்லிட்டுக் கடைசில போட்டுட்டேன்னா, கேக்கறவிய என்ன நெனைப்பாவ?”

“நடந்தத நெனைப்பாவ.” கறிவேப்பிலைக் கொழுந்தைக் கிள்ளி முகர்ந்துகொண்டே கேட்டாள்: “ஒன் ராணியள்ல ஒருத்தி கூடப் பயந்தது கெடையாதோ? ஒருத்தி கூட முடியாம விட்டுக்குடுத்தது கெடையாதோ? இல்ல, அத நீ சொல்லாம விட்டுருதியோ?”

நான் சொல்லாமல் விடுகிறவள்தான். அவள் வாயில் வந்தபடியே எழுதினேன். ‘பிறகு போட்டேன்.’

“அடுத்தது, ஞாயித்துக்கெழம எந்தங்கச்சி வந்து போடச் சொன்னா. திங்கக்கெழம போட்டேன். அதையும் எழுது.”

பேனா நின்றுவிட்டது. பதினோரு வருடமாக அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்றே நான் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நான் பஸ் ஏறினேன். அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடமாக அப்ரூவல் வராமல் நின்றுகொண்டிருந்தேன். நிர்வாகம் வேலைக்கு எடுத்துவிட்டது, அரசாங்கம் ஏற்றுக்கொண்டால்தான் நிரந்தரம். ஃபைல் எந்த மேஜையில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அத்தான் எனக்குப் போன் செய்து, மணல்காரர் பக்கம் ஒரு பெரிய ஆள் இருக்கிறார், உன் ஃபைலை ஒரே நாளில் நகர்த்திவிடுவார், உன் அக்காவிடம் நீயே ஒரு வார்த்தை சொல் என்றார். போனேன். அக்கா மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதை யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வந்த காரியத்தைச் சொல்ல முடியாது. “போட்டுத் தொலையேன்க்கா, பிள்ளையளுக்காகச் சொல்லுதேன்,” என்றேன்.

“பிள்ளையளுக்காகவா, ஒன் அப்ரூவலுக்காகவா?”

நான் மீன்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சோறு போட்டாள். நடுத்துண்டாகப் பார்த்து எனக்கு வைத்தாள். நானும் சாப்பிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது. சாப்பிட்டுக் கைகழுவி, மூன்று மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். மறுநாள் அவள் போட்டாள். நாலைந்து மாதத்தில் எனக்கு அப்ரூவல் வந்தது. அந்தப் பெரிய ஆள் நகர்த்தினாரா, ஃபைல் தானாகவே எழுந்து வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்று நம்ப எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

ஆற்றை அள்ளினார்கள். படித்துறையின் கடைசிப் படிக்குக் கீழே ஆளை விழுங்கும் பள்ளம். அடுத்த ஐப்பசி வெள்ளத்தில் கீரைத்தோட்டம் சரிந்து ஆற்றோடு போனது. அந்த அம்மா பீடி சுற்றப் போனார். அக்காவோடு பேச்சை முறித்துக்கொண்டார். அக்கா அதன்பிறகு ஆற்றுக்கே போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடியில் தாமிரபரணி ஓடும்போது அவள் குழாயடியில் குளித்தாள்.

“அது வேண்டாம்க்கா,” என்றேன் கறிவேப்பிலை மரத்தடியில். “நான்தான் வாசிக்கணும். எங்க பள்ளிக்கூட எச்.எம். இருப்பாவ, பழைய பிள்ளைய இருப்பாவ.”

“நீதான் வாசிக்கணும். அதுக்குத்தான் ஒன்னய எழுதச் சொல்லுதேன். அதக் கேக்க வேண்டிய ஆளு வந்திருக்கும்.”

அத்தானைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். சபைக்கு நடுவில் அவர் தலைகுனிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் போல, ஆசைப்படட்டும், நியாயம்தானே என்று நினைத்தேன். அவள் சொன்ன இரண்டு வரியையும் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். “இப்பம் சரி,” என்று கண்ணை மூடிக்கொண்டாள். நாலு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், பால் வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே போய்விட்டாள்.

அடக்கத்துக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் எச்.எம்., டீச்சர்மார், என்னிடம் படித்த பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது டீச்சர். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில், நெற்றியில் பொட்டோடு கீரைத்தோட்டத்து அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கோயிலுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. ஊர்க்காரி, பழைய பழக்கம், வந்திருக்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டு தாளைப் பிரித்தேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கை வாசித்தபோது சலசலப்பு அடங்கியது. நாற்காலிக் கதைக்கு இரண்டு மூன்று பெண்கள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கலெக்டர் ஆபீசையும் தூக்குவாளியையும் வாசித்தேன். ‘வெளியிலும் வீட்டிலும் அடிபட்டார்’ என்று அக்கா சொன்னபடியே வாசித்தேன். அத்தான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்குக் குரல் நடுங்கவில்லை. ஒருவிதமான பெருமைகூட இருந்தது. ஊருக்கு நடுவில் ஒரு ஆண்பிள்ளையைக் கூண்டில் ஏற்றிவிட்டேன் அல்லவா! “மூன்று மாதம் கையெழுத்துப் போட மறுத்தார்,” என்று வாசித்தேன்.

அடுத்த இரண்டு வரி கண்ணுக்கு நேராக, என் கையெழுத்திலேயே இருந்தது. எச்.எம். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தாளைத் திருப்பினேன். நோயுற்றது, நித்திரையடைந்தது, ஆமென். அக்காவின் பெயர் கெடக்கூடாது என்றுதான் விட்டேன் என்று கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போகும்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பெயருக்காகத்தான் விட்டேன்.

வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு குறிப்பைக் கேட்டதே இல்லை என்றார்கள். ஐயர் சபைப் பத்திரிகையில் போட வேண்டும் என்று கேட்டார். தாளை அப்படியே கொடுக்க முடியாது. அந்த இரண்டு வரி இல்லாமல் வேறு தாளில் நகல் எடுத்துக் கொடுத்தேன். அச்சில் வந்ததும் எங்கள் எச்.எம். அதை வாசித்துவிட்டு, இந்த வருட மகளிர் தினத்துக்கு உங்கள் அக்காதான் என்று முடிவே செய்துவிட்டார். வேண்டாம் என்று எந்தக் காரணத்தைச் சொல்வேன்?

ஃப்ளெக்ஸ் வந்தது. ராணிக்கும் பாடகிக்கும் நடுவில் என் அக்கா, ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். கொஞ்சம் மிரண்ட முகம். அந்த ஊரிலிருந்து சில பெண்களை அழைத்திருந்தார்கள், கீரைத்தோட்டத்து அம்மாவும் வந்திருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். அக்காவாக நடித்த பிள்ளை தீர்மானப் புத்தகத்தை மேடையிலேயே நாலாகக் கிழித்து எறிந்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் எழுதிக் கொடுத்த நாடகம் இல்லை அது. ஆனால் கிழிக்கச் சொல்லிக் கொடுத்தது நான் வாசித்த குறிப்புத்தானே.

நிகழ்ச்சி முடிந்து வேன் வரும்வரை அந்த ஊர்ப் பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். காபி கொண்டுபோனேன். கீரைத்தோட்டத்து அம்மா தம்ளரை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தனியாக இரண்டடி தள்ளி வந்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“ஒங்க அக்கா மூச்சுமுட்டி ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தாவள்லா, அதுக்கப்புறம் ஒருநா எவ்வீட்டு வாசல்ல வந்து நின்னாவ. நான் உள்ள வாங்கன்னு சொல்லல. பேச்சு இல்லல்லா. அவிய வெளிய நின்னுக்கிட்டே சொன்னாவ, ‘நான் ஏன் போட்டேன்னு ஒங்கிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. நான் செத்தா எந்தங்கச்சி கோயில்ல எழுதினதப் படிப்பா, நீ முன்னால உக்காந்து கேட்டுக்கோ’ன்னாவ.” தம்ளரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். “அதுக்குத்தான் வந்து உக்காந்தேன். கடைசி மட்டும் கேட்டேன். நீங்க அதப் படிக்கல. இன்னைக்கு என்னன்னா புத்தகத்தக் கிழிச்சுப் போடுதாவ. என் தோட்டம் ஆத்தோட போனது எனக்குத் தெரியும்லா? ஏன் போட்டாவ டீச்சர்?”

அந்தத் தாள் என் கைப்பையில்தான் இருந்தது. அடக்கத்தன்று வைத்தது, எடுக்கவே இல்லை. அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை போகும் என் குரல் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. “பிறகு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி வந்து போடச் சொன்னாள், திங்கட்கிழமை போட்டேன்.” அப்ரூவலைப் பற்றித் தாளில் இல்லை. அதையும் நானே சொன்னேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் ஃப்ளெக்ஸில் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காபித் தம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“பதினோரு வருசம்,” என்றார். “ஆள் மாத்திப் பேசாம இருந்திருக்கேன்.”

வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார். போன மாதம் சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறினார். இந்தத் தடவை ஆள் சரிதான்.